38,000 லிட்டர் பாசித் தண்ணீருக்கு ஒரு பேரேடு

திருத்தங்கலுக்கு வெளியே, மச்சான் வீட்டுக் கொல்லையில் ஒரு நீச்சல் குளம். நீளம் 25 அடி, அகலம் 12 அடி. படி இறங்கும் முனையில் 3 அடி, எதிர்முனையில் 6 அடி. சராசரி ஆழம் நாலரை. 25 × 12 × 4.5 என்று பெருக்கினால் 1,350 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்பதால் 38,000 லிட்டர் சொச்சம். 15 லிட்டர் குடத்தில் மொண்டு ஊற்றினால் 2,500 குடத்துக்கு மேல். கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. நாலு பேர் உள்ள குடும்பம் அந்த அளவில் இதை 172 நாள் புழங்கலாம். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாவட்டத்தில் இப்படி ஒரு குளம் தேவையா என்று நான் கேட்டது உண்டு. கட்டி முடித்த பிறகு கேட்டேன், அதனால் பதில் வரவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு மச்சான் குடும்பம் விருதுநகர் போனது. போன இடத்தில் பத்து நாள் தங்கிவிட்டார்கள். இங்கே முதல் நாளே மோட்டார் காயில் எரிந்துவிட்டது. திரும்பி வந்தபோது தண்ணீர் கீரை கடைந்த சட்டி மாதிரி இருந்தது. ஓரமெல்லாம் சீமைக்கருவேல இலையும் நெற்றும். முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியவில்லை.

"தண்ணியத் தெறந்து விட்டுட்டு வேற நெறப்பிருவோம் மாப்ள" என்றான் மச்சான். ஊரில் பாதிப் பேர் செய்வது அதைத்தான். நான் பழைய டைரி ஒன்றை எடுத்து இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று கோடு போட்டேன். துவரம்பருப்புக்கும் வத்தலுக்கும் தினம் விலைநிலவரம் அச்சாகிற மாவட்டத்துக்காரனுக்குக் கோடு போடாமல் யோசிக்க வராது.

முதல் பதிவு வெயில். சிவகாசிப் பகுதிக்கு வாழ்வு கொடுத்ததே அதுதான். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து இங்கே வேர்விட வைத்ததற்கும், அதைத் தொடர்ந்து பட்டாசு வந்து நிலைத்ததற்கும் காய்ந்த காற்றும் வருஷத்தில் பெரும்பகுதி அடிக்கும் வெயிலும் பெரிய காரணம். பட்டாசைக் காய வைக்கும் அதே வெயில்தான் பாசியை வளர்க்கிறது. பாசியைக் கொல்லப் போடும் குளோரினைத் தின்பதும் அதுவே. தடுப்பு எதுவும் சேர்க்காத குளோரின் நேர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். காலை பத்து மணிக்கு நூறு ரூபாய் மருந்து கொட்டினால் பதினொன்றுக்கு ஐம்பது ரூபாய் ஆவியாகியிருக்கும். ஆகவே மருந்து போடும் நேரம் சாயங்காலம், பொழுது சாய்ந்த பிறகு.

போன வருஷமும் இதே மாதிரி ஒருமுறை பச்சை பிடித்தது. அப்போது மச்சான் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, பாசிக்கு என்ன போடணும்?" என்று கேட்டிருக்கிறான். அண்ணாச்சி ப்ளீச்சிங் பவுடர் மூட்டையைக் காட்டியிருக்கிறார். 5 கிலோவை உச்சி வெயிலில் அப்படியே வீசினான். சாயங்காலம் பார்த்தால் பச்சையும் போகவில்லை, தண்ணீர் அரிசி கழுவிய கழுநீராகவும் ஆகிவிட்டது. மறுநாள் இன்னும் 5 கிலோ போட்டதும் கழுநீர் மோராகக் கெட்டிப்பட்டது.

தப்பு கடைக்காரர் மேல் இல்லை, தண்ணீரின் மேல். குளத்தை நிரப்பிய போர் தண்ணீரைச் சோதித்த தாள் என்னிடம் இருக்கிறது. கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 1,200 மில்லிகிராம். கடினத்தன்மை 640. காரத்தன்மை 300. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, ஐஎஸ் 10500, கடினத்தன்மை 200 வரை இருந்தால் நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. இது அதையும் தாண்டிய தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாய் வாயில் வெள்ளை பூக்கும். இந்தத் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரினோடு சுண்ணாம்பும் சேர்ந்து இறங்குகிறது. தண்ணீரின் பிஎச் ஏறுகிறது. ஏற்கெனவே நிறைந்து நிற்கும் கால்சியம் கரைந்திருக்க இடமில்லாமல் பொடிப்பொடியாகப் பிரிந்து மிதக்கிறது. மச்சான் பார்த்த மோர் அதுதான்.

பிஎச் ஏறினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. தண்ணீரில் போட்ட குளோரின் முழுவதும் வேலை செய்வதில்லை. ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும் பங்குதான் பாசியைக் கொல்லும். பிஎச் 7.2-இல் அந்தப் பங்கு மூன்றில் இரண்டு, 7.5-இல் ஏறக்குறையப் பாதி, 8-இல் கால்வாசி. 8.5-க்குப் போனால் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. எங்கள் குளத்தில் அன்று 8.2. பத்து ஆளுக்குக் கூலி கொடுத்து இரண்டு ஆளிடம் வேலை வாங்குவது போல.

ஆகவே முதலில் ஆசிட். காரத்தன்மையில் 10 மில்லிகிராமைக் குறைக்க 38,000 லிட்டருக்கு 30 சத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 800 மில்லி பிடிக்கும். பிஎச்சை 8.2-லிருந்து 7.5-க்குக் கொண்டுவர இந்தத் தண்ணீருக்கு மொத்தம் 1.2 லிட்டர் போதும். ஒரே தடவையில் ஊற்றக்கூடாது. சரிசெய்த பம்பு ஓட ஓட, ஆழமான முனையில், இரண்டு தவணையாக ஊற்றினோம். நாலைந்து நாளில் பிஎச் திரும்பவும் ஏறும் என்பதால் 2 லிட்டர் என்று கணக்கில் எழுதினேன்.

அடுத்தது குளோரின். பச்சைத் தண்ணீரைக் கொல்ல லிட்டருக்கு 10 மில்லிகிராம் வேண்டும். 38,000 லிட்டருக்கு 380 கிராம் சுத்தக் குளோரின். இதை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் காசு வித்தியாசப்படும். 30 சதம் வீரியம் உள்ள புது ப்ளீச்சிங் பவுடரில் எடுத்தால் 1.27 கிலோ. தகரக் கூரைக் கிடங்கில் ஒரு கோடை கிடந்து 20 சதத்துக்கு இறங்கிய மூட்டை என்றால் 1.9 கிலோ. 10 சத திரவக் குளோரின் என்றால் 3.8 லிட்டர். டிரைகுளோர் மாத்திரை என்றால் 420 கிராம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு. சுகாதாரப் பணியாளர்கள் கிணற்றுக்கு மருந்து போடும் கணக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர். எங்கள் குளம் ஒரு நல்ல கிணறாக இருந்தால் 95 கிராமில் வேலை முடிந்திருக்கும். பத்து நாள் மோட்டார் நின்றதற்கு 13 மடங்கு அபராதம்.

நாங்கள் திரவத்தை எடுத்தோம். அதில் சுண்ணாம்பு இல்லை. ப்ளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால், வாளியில் கலக்கி ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றலாம். கிணற்றுக்கும் அப்படித்தான் செய்வார்கள். மாத்திரை கைக்குச் சுலபம், ஆனால் அதில் ஒரு மறைமுகக் கடன் இருக்கிறது. மாத்திரையிலிருந்து 10 மில்லிகிராம் குளோரின் வரும்போது கூடவே 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் வந்து தங்கும். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது இதுதான். 30 மில்லிகிராம் அளவில் இருந்தால் நல்ல துணை. நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் குளோரினை மாத்திரையாகவே போட்டுவந்தால் மாதம் 36 மில்லிகிராம் ஏறும், மூன்றாம் மாதம் நூறைத் தாண்டும். அதற்குமேல் குளோரின் இருந்தும் பாசி வளரும். சயனூரிக் அமிலம் தானாக வெளியேறாது, தண்ணீரை மாற்றித்தான் தீரவேண்டும். மாத்திரையை மட்டும் நம்பும் குளங்கள் இரண்டாம் கோடையில் படுத்துவதற்கு இதுவே காரணம்.

அளப்பதில் ஒரு சிக்கல் வந்தது. கடையில் வாங்கிய சோதனைப் பெட்டியில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். 3 மில்லிகிராமுக்கு மேல் நிறத்தை மதிப்பிட முடியாது. எங்கள் அளவோ 10. மச்சான் மகள் ஒரு வழி சொன்னாள். குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, கேன் தண்ணீர் நாலு பங்கு கலந்து பார்ப்பது, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குவது. 2 காட்டினால் 10. ஏழாம் வகுப்புக் கணக்கு.

முதல் இரவு 9 மணிக்கு 10 இருந்தது, காலை 6 மணிக்கு 2. இரவில் வெயில் இல்லை, ஆகவே குறைந்த 8 மில்லிகிராமும் பாசியும் குப்பையும் தின்றது. இரண்டாம் இரவு 9 மில்லிகிராமிலிருந்து 6. மூன்றாம் இரவு 8-லிருந்து ஏழரை. இரவில் 1 மில்லிகிராமுக்குக் குறைவாக இழந்தால் பாசி செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று நாளில் மொத்தம் 12 லிட்டர் திரவம் போனது.

இதற்கிடையில் தேய்ப்பு. சுவரில் பிடித்த பாசிக்கு வழுவழுப்பான போர்வை உண்டு, குளோரின் எளிதில் உள்ளே இறங்காது. ஓட்டு இடுக்கெல்லாம் நீள்கம்புத் துடைப்பத்தால் தேய்த்துவிட வேண்டும். சம்பளத்துக்கு ஒரு ஆள், இரண்டு நாள். என்னைக் கேட்டால் எந்த மருந்தையும்விட இந்தச் செலவுக்குத்தான் பலன் அதிகம்.

நாலாம் நாள் காலையில் பச்சை போய்ச் சாம்பல் நிறம் வந்திருந்தது. செத்த பாசி, பொடிப்பொடியாக. இது மணல் ஃபில்டரின் வேலை, இதில் பொறுமை வேண்டும். ஒரு ஹெச்.பி. பம்பு மணிக்கு 10,000 லிட்டர் இழுத்தால் குளத்துத் தண்ணீர் அளவு ஒருமுறை ஓட 3.8 மணி நேரம். ஆனால் ஒரு சுற்று ஓடினால் எல்லாத் தண்ணீரும் ஃபில்டரைக் கடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடந்த நீரும் கடக்காத நீரும் கலந்துகொண்டே இருப்பதால் ஒரு சுற்றில் 63 சதம்தான் உள்ளே போய் வரும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நாலில் 98. நாலு சுற்றுக்கு 15 மணி நேரம். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று அடுத்த மருந்தைத் தேடுகிறவர்கள் இந்த நாலு எண்களை மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஃபில்டருக்கும் சிக்காத நுண்பொடிக்குப் படிகாரம். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரைத்துக் கலங்கலைத் தெளிய வைத்த ஊர்தான் இது, முறை புதிதல்ல. லிட்டருக்கு 30 மில்லிகிராம் வீதம் 1.1 கிலோ. வாளியில் கரைத்துப் பரவலாக ஊற்றி, ஃபில்டரைத் தவிர்த்துத் தண்ணீரை மட்டும் ஒரு மணி நேரம் சுழலவிட்டு, பம்பை நிறுத்திவிட்டோம். இரவு முழுக்க யாரும் தண்ணீரைத் தொடவில்லை. விடிந்தபோது தரையில் இரண்டு விரல்கடை கனத்துக்குச் சாம்பல் பஞ்சு படிந்து கிடந்தது, மேலே தண்ணீர் கண்ணாடி. அந்தப் பஞ்சை ஃபில்டருக்குள் விடாமல் நேராக வெளியே உறிஞ்சித் தள்ளினோம். அதில் 2,000 லிட்டர் போனது. தண்ணீரைத் திருப்பிவிட்டு ஃபில்டரை அலசிய நாலு முறை பேக்வாஷில் 500 லிட்டர் வீதம் இன்னொரு 2,000.

மயில்துத்தம் போடலாமே என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். போர்டோ கலவைக்கு வாங்கியது வீட்டில் மிச்சம் இருக்கும். செம்பு பாசியைக் கொல்லும், உண்மை. ஆனால் இவ்வளவு காரமுள்ள தண்ணீரில் அது சீக்கிரம் பிரிந்து, சுவரில் நீலக்கறையாகப் படியும். வெளியேறும் தண்ணீர் ஊருணிக்குப் போனால் மீன் செத்து மிதக்கும். எங்கள் பேரேட்டில் அதற்கு இடமில்லை.

மீன் என்றதும் ஒன்று. விருதுநகர் தெப்பக்குளத்துத் தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும், அதை யாரும் வியாதி என்பதில்லை. தெப்பக்குளம் உயிருள்ள நீர்நிலை. அங்கே பாசியைத் தின்னப் பூச்சியும் மீனும் உண்டு. கொல்லைக் குளத்தில் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. மீன் செய்ய வேண்டியதை மின்சாரமும் குளோரினும் செய்கின்றன, அதற்குத்தான் இத்தனை பில்.

இனி பற்றுப் பக்கம். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மின்சாரம் மட்டும் 2024 ஜூலை மின்வாரியக் கட்டணம், 601 முதல் 800 யூனிட் வரையிலான படி.

ஆசிட், 2 லிட்டர், லிட்டர் 30 ரூபாய்: 60
திரவக் குளோரின், 12 லிட்டர், லிட்டர் 20 ரூபாய்: 240
படிகாரம், 1.1 கிலோ: 45
சோதனைப் பெட்டி: 400
தேய்க்க ஆள், 2 நாள், 800 வீதம்: 1,600
மின்சாரம், 110 யூனிட், 9.65 வீதம்: 1,060
போன தண்ணீர், 4,000 லிட்டர், லிட்டர் 10 காசு: 400
ஆக மொத்தம்: 3,805

இதில் மருந்து 345 ரூபாய். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கடைக்குப் போனால் எல்லாரும் பேரம் பேசுவது அந்த 345-க்குத்தான்.

மச்சான் சொன்ன வழியையும் எழுதிப் பார்த்தேன். 12,000 லிட்டர் லாரி ஒன்று 1,200 ரூபாய். மூன்று லாரியில் 36,000-தான் ஆகும்; மிச்சம் 2,000 லிட்டருக்கு நாலாவது லாரி வந்தாக வேண்டும். 4,800. காலித் தொட்டியைத் தேய்த்துக் கழுவ ஆள் 1,600. ஆக 6,400. புதுத் தண்ணீரும் அதே கடினத்தன்மையில் வரும். குளோரின் போடாவிட்டால் சித்திரை வெயிலில் அதுவும் பச்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. காலியாக வெயிலில் காயும் குளத்தின் ஓடுகள் பிடிப்பு விடுவது தனிக் கதை. எண்ணைக் காட்டியதும் மச்சான், "சரி மாப்ள, வாளிய எடு" என்றான்.

பாதுகாப்பு பற்றிச் சிவகாசிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ப்ளீச்சிங் பவுடரும் மாத்திரையும் ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருட்கள். பட்டாசு மருந்தில் வெடியுப்பு செய்யும் வேலை இவற்றுக்கும் வரும். கந்தகம், அலுமினியப் பவுடர், எண்ணெய்த் துணி, டீசல் இருக்கும் அறையில் இவற்றை வைக்கவே கூடாது. ப்ளீச்சிங் பவுடர் அள்ளிய கரண்டியால் மாத்திரைத் தூளை அள்ளக் கூடாது. இரண்டும் கலந்தால் வெடிக்கக்கூடும். ஆசிட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு. குளோரினுக்கு ஒரு வாளி, ஆசிட்டுக்கு ஒரு வாளி, நிறம் வேறாக. எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கலங்கல் இருக்கும்வரை பிள்ளைகளை இறக்கக் கூடாது. நாலடித் தண்ணீரில் மூழ்கிய பிள்ளையைக் கலங்கலில் கண்ணால் பார்க்க முடியாது. ஆழமான முனையில் போட்ட ஐந்து ரூபாய்க் காசு மேலிருந்து தெரிகிற அன்றுதான் குளியல். ஆறாம் நாள் சாயங்காலம் தெரிந்தது.

சுத்தம் செய்த செலவு ஒருமுறை. கட்டிக் காக்கும் செலவு மாதாமாதம். பம்பு நாளைக்கு 8 மணி நேரம், 8 யூனிட். இரண்டு மாத பில்லில் 480. குளிர்சாதனமும் சேர்த்து ஏற்கெனவே 600 யூனிட் ஓடுகிற வீடு என்றால், அடுத்த 200 யூனிட் 9.65 வீதம் 1,930, அதற்கடுத்த 200 யூனிட் 10.70 வீதம் 2,140, மீதி 80 யூனிட் 11.80 வீதம் 944. ஆக 5,014, மாதத்துக்கு 2,507. குளோரின் மாதம் 23 லிட்டர், 456 ரூபாய். ஆசிட் 120. கோடையில் நாளைக்கு 7 மில்லிமீட்டர் வற்றினால் 300 சதுர அடிப் பரப்பில் 195 லிட்டர், மாதம் 5,850. பேக்வாஷ் 2,000. இந்தத் தண்ணீருக்கு 785. மொத்தம் மாதம் 3,868.

வற்றுகிற தண்ணீர் உப்பை எடுத்துப் போவதில்லை. 1,200 டிடிஎஸ் போர் தண்ணீரை மாதம் 5,850 லிட்டர் விட்டால் 7 கிலோ உப்பு குளத்திலேயே தங்கும். டிடிஎஸ் மாதம் 185 ஏறும். இதற்கு வரவு ஒன்றுதான், ஐப்பசி மழை. 1,500 சதுர அடி மொட்டைமாடியில் ஆண்டில் 800 மில்லிமீட்டர் பெய்து அதில் ஐந்தில் நாலு பங்கு பிடித்தால் 89,000 லிட்டர். குளத்தை இரண்டு முறை நிரப்பலாம், அதுவும் சுண்ணாம்பே இல்லாத தண்ணீரால். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது வைத்த மழைநீர்க் குழாய் மச்சான் வீட்டில் இன்னும் மண்ணுக்குள்தான் போகிறது. அதில் ஒரு வால்வு வைத்துக் குளத்துக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறேன்.

மாதம் 4,000 ரூபாயை முகம் சுளிக்காமல் எடுத்து வைக்க முடியாதவர் இந்தப் பக்கம் நீச்சல் குளம் கட்ட வேண்டாம். பம்பு செட்டில் ஒரு தொட்டி கட்டுங்கள். 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரம். 2,000 லிட்டர் பிடிக்கும். காலையில் நிரப்பி, பிள்ளைகள் குதித்து முடித்ததும் மடையைத் திறந்தால், மரத்துக்கு 80 லிட்டர் வீதம் 25 தென்னைக்குப் பாயும். அன்றன்று காலியாகிற தொட்டியில் பாசி பிடிக்காது.